ஈரத்துணி இறங்காத நாள்

என் அஞ்சலைக்கு,

இன்று கல்லறைத் திருநாள். காலைப் பூசை முடிந்ததும் அம்மா, அப்பா கல்லறைகளில் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றினேன். கையில் ஒன்று மிச்சம் இருந்தது. மிச்சம் என்ன, உனக்கென்றுதான் கூடுதலாக வாங்கினேன். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் உனக்கு இடம் கிடையாது. ஏற்றலாமா என்று சாமியாரைக் கேட்கவும் இல்லை. மதில் ஓரமாகக் காற்றுப் படாத மூலை பார்த்து ஏற்றிவிட்டு வந்துவிட்டேன். "எனக்கு இன்னாத்துக்குடி மெழுகுவத்தி? சூடா ரெண்டு மசால்வடை வெச்சிட்டுப் போ" என்று நீ சொல்வது காதில் கேட்டது.

மழை பிடித்துக்கொண்டது. மரக்காணம் முழுக்க ஈரம். உப்பளம் எது பாத்தி எது வரப்பு என்று தெரியாமல் ஒரே ஏரியாகக் கிடக்கிறது. நீ போன பிறகு வந்த முதல் மழைக்காலம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண் இப்போதும் தானாக வெளியே போய் அந்த நீல முழுக்கைச் சட்டையைத் தேடுகிறது. உன் வீட்டுக்காரர் இறந்த பிறகு அவருடைய சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு, தலையில் உப்புக்கூடையோடு நடப்பாய். வரிசையில் எத்தனை பேர் போனாலும் உன் நடை எனக்குத் தெரியும். பத்தாவது வரை ஒரே பெஞ்சு அல்லவா?

கணக்கில் நீ என்னைவிடக் கெட்டி. இங்கிலீஷ் உன் காலை வாரிவிட்டது. நீ உப்பளத்து வேலைக்குப் போனாய், நான் திண்டிவனத்துக்கு ஹாஸ்டலுக்குப் போனேன். பல வருஷம் கழித்து அறிவியல் டீச்சராக மாற்றலாகி வந்தபோது, பள்ளிக்கூட ஸ்டாப்பில் இறங்கியதும் எதிர் டீக்கடையில் நின்றது நீதான். விடியலுக்கு முன்பே வேலை தொடங்கும் உங்களுக்கு எட்டரை மணி டீ. எனக்கு ஒன்பது மணிக்கு மணி அடிக்கும். அந்த அரை மணி நேரம் நம்முடையது. எத்தனை வருஷக் காலைகள்! அதற்குப் பிறகு நான் குடித்த டீ எதுவும் டீயாக இல்லை.

மூன்று நாள் பயிற்சிக்கு விழுப்புரம் போய்விட்டு, புவி வெப்பமடைதல் பற்றிய சார்ட் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்தேனே, அந்தக் காலை நினைவிருக்கிறதா? பிரித்துக் காட்டு என்றாய். டீக்கடை பெஞ்சில் விரித்தேன்.

"பூமியச் சுத்திக் காத்து ஒரு போர்வை மாதிரி இருக்குதுடி. நிலக்கரி, பெட்ரோல், டீசல்னு எரிக்கிறோமில்ல, அதுலேர்ந்து வர்ற கரியமில வாயு அந்தப் போர்வைய தடிப்பாக்குது. அதான் பூமி சூடாவுது" என்றேன். பயிற்சியில் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

நீ டீயை ஊதிக்கொண்டே சார்ட்டைப் பார்த்தாய். "போர்வை போத்தினா வெளியில இருக்கிற வெயில் உள்ள வரக் கூடாதே. அப்ப பூமி குளிர்ந்தில்ல போவணும்?"

மணி அடித்துவிட்டது போல எழுந்து பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்டேன். ஒரு வாரம் புத்தகங்களைப் புரட்டினேன். பிறகுதான் வந்து சொன்னேன். சூரியனிடமிருந்து வருவது பெரும்பாலும் வெளிச்சம். தரையும் கடலும் அதை வாங்கிச் சூடாகி, கண்ணுக்குத் தெரியாத வெப்பமாகத் திருப்பி மேலே அனுப்புகின்றன. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல்லுக்கு மேலே கையை நீட்டினால் சுடுகிறதே, அந்த மாதிரி. கரியமில வாயு வெளிச்சத்தை விட்டுவிடும், இந்த வெப்பத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததில் ஒரு பங்கைக் கீழேயே திருப்பி அனுப்பும்.

"அப்ப அது போர்வை இல்ல. உள்ள வர உட்டுட்டு, வெளிய போவ உடாத கதவு" என்றாய். "இதச் சொல்றதுக்கு ஒரு வாரமா, டீச்சர்?"

அந்தக் கதவே இல்லாவிட்டால் பூமி பனிக்கட்டியாகக் கிடக்கும், கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும் என்றும் சொன்னேன். "குழம்புக்கு உப்பு போல" என்று முடித்துவைத்தாய். அன்றிலிருந்து என் வகுப்பில் கதவும் குழம்பும்தான். சார்ட் பீரோவுக்கு மேலே போய்விட்டது.

நீ சும்மா விட்டாயா? சூரியனே முன்னைவிடச் சூடாகியிருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டாய். அப்படி இருந்தால் மேலே உயரத்தில் இருக்கும் காற்றும் சூடாகியிருக்க வேண்டும். ஆனால் கீழே சூடேற, வெகு உயரத்தில் குளிர்ந்துகொண்டு வருகிறது, அளந்து பார்த்திருக்கிறார்கள் என்றேன். "கதவு கீழயே புடிச்சி வெச்சிக்கிது, அதான் மேல போவல" என்றாய். நான் புத்தகத்தில் மூன்று முறை படித்துப் புரிந்துகொண்டது அது.

ஒரு டிகிரி கூடியதற்கா இவ்வளவு சத்தம் என்று சிரித்ததும் நீதான். "எங்க அளத்துல நிழலுக்கும் வெயிலுக்குமே எத்தினி டிகிரி இருக்குது தெரியுமா?" உலகம் முழுவதற்குமான சராசரியில் ஒரு டிகிரி ஏற வேண்டுமென்றால் எவ்வளவு வெப்பம் சேர வேண்டும் என்று சொன்னேன். அதில் பெரும்பங்கைக் கடல் வாங்கிக்கொண்டிருக்கிறது, சூடானால் தண்ணீர் விரிந்து பெருகும், கரையேறும் என்றேன். நீ அளத்துக்கு அப்பால் கிழக்கே பார்த்தாய். கடல் அங்கிருந்து தெரியாது. ஆனாலும் பார்த்தாய்.

"நான் எத்தினி வாட்டிடி கார்ல போயிருப்பேன்? ஏரோப்ளேன தலைக்கு மேல பாத்ததோட சரி" என்றாய். "எவங்க வீட்டு அடுப்புக்கோ நாம வேர்த்துக்கினு கெடக்கிறோம்." அதற்கு எந்தப் பயிற்சியிலும் எனக்குப் பதில் சொல்லித் தரவில்லை.

பள்ளிக்கூடத்துக்குள் தண்ணீர் புகுந்த மழை ஒன்று வந்ததே, அப்போது நான் உற்சாகமாக, "பாத்தியா, நான் சொன்னேன்ல, இதான் அது!" என்றேன். நீ என்னை முறைத்தாய்.

"நாம அஞ்சாவது படிக்கும்போதும்தான் இப்படி ஊத்துச்சி. பெஞ்சு மெதந்துச்சே, மறந்துட்டியா? அது எதனால? ஒரு மழைய சாட்சிக்குக் கூப்புடாத பிலோ. ஒரு பாத்தியப் பாத்து அளம் எப்படின்னு சொல்ல முடியுமா?"

ஒரு நாள் நடப்பது வானிலை, பல பத்து வருஷம் சேர்ந்து காட்டுவது காலநிலை என்று நான் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள். அதை எனக்கே நீ சொல்ல வேண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் எனக்கு எவ்வளவு தேவைப்படப் போகிறது என்று அப்போது தெரியாது.

பிறகு ஒருநாள் நீ கேட்ட கேள்வியில்தான் எல்லாம் தொடங்கியது. "மேக்கால காத்து அடிச்சி சுள்ளுனு வெயில் கொளுத்துற நாள்ல நான் நல்லாத்தான் இருக்கேன். காத்து நின்னுபோயி புழுங்குது பாரு, அன்னிக்கிதான் தலை சுத்துது, வாந்தி வருது. வெயில் கம்மியாதானே இருக்குது அன்னிக்கி? ஏன்டி?"

நான் பாண்டிச்சேரி போய் இரண்டு தெர்மாமீட்டர் வாங்கி வந்தேன். ஒன்றின் நுனியில் நனைத்த பஞ்சுத்துணியைச் சுற்றி, இரண்டையும் டீக்கடைப் பந்தலில் தொங்கவிட்டோம். துணி காயக் காயச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும், அதனால் ஈரத்துணி தெர்மாமீட்டர் மற்றதைவிடக் கீழே இறங்கும். நம் உடம்பும் அப்படித்தான், வேர்வை காய்ந்தால்தான் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் துணியும் காயாது, வேர்வையும் காயாது. உள்ளே இருக்கும் சூடு வெளியே போக வழியில்லை.

நீ சிரிக்க ஆரம்பித்தாய். "அடிப்பாவி! அன்னிக்கிதானே உப்பும் பூக்காது. உப்பு பூக்கிறதும் வேர்வை காயறதும் ஒரே வேலையா?" டீக்கடையே திரும்பிப் பார்த்தது. அவ்வளவு பெரிய சிரிப்பு. அதுதான் எனக்கு இப்போதும் அடிக்கடி கேட்கிறது.

காற்று சூடாக ஆக அதிக ஈரத்தைத் தாங்கும், உலகம் சூடானால் இந்த மாதிரி நாட்கள் கூடும் என்று சொன்னேன். நீ சிரிப்பை நிறுத்திவிட்டாய். அதற்குப் பிறகு வந்த இரண்டு கோடையிலும் ஒரு நோட்டில் நீயே அளவு எழுதினாய். ஈரத்துணி முப்பதை நெருங்குவதற்கு முன்பே சுமை தூக்குவதை நிறுத்திவிட வேண்டும், நிழலுக்குப் போய்விட வேண்டும் என்று நான் சொன்னதையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடு போட்டாய். எனக்கு என்ன பெருமை அப்போது! என் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் நான் சொல்ல வேண்டும்.

கோடை விடுமுறை. நான் சென்னையில் மகன் வீட்டில் இருந்தேன். காலை ஒன்பது மணி இருக்கும், நீ போன் செய்தாய்.

"ஏம்மே பிலோ, இன்னிக்கித் துணி எறங்கவே மாட்டேங்குதுடி. காத்து சுத்தமா நின்னுபோச்சி. முப்பதத் தாண்டிடுச்சி."

"அப்ப வீட்டுக்குப் போயிடு. எல்லாரையும் போவச் சொல்லு."

"லாரி வந்து நிக்குது. அரை குவியல் கெடக்குது. அள்ளிப் போட்டுட்டுப் போயிடறேன்."

"அஞ்சலை, சொன்னாக் கேளு."

"எனக்குத் தெரியுது பிலோ. எனக்குத் தெரிஞ்சி இன்னா பண்றது? நிறுத்துன்னு நான் சொன்னா யாரு நிறுத்துவாங்க? சரி, வெய்யி. அப்பால பேசறேன்."

நான் வைத்துவிட்டேன். ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையில் மறுபடியும் படுத்துக்கொண்டேன். இதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

பதினொரு மணிக்கு நீ கூடையோடு வரப்பில் விழுந்தாய் என்றார்கள். உடம்பு தணலாகக் கொதித்தது, ஆனால் தோலெல்லாம் நனைந்து கிடந்தது என்று உன்னோடு வேலை செய்த குப்பம்மா சொன்னாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது. இதயம் நின்றுவிட்டது என்று தாளில் எழுதினார்கள். கடைசியில் எல்லாருக்கும் இதயம்தானே நிற்கிறது, அஞ்சலை?

உனக்கு அளக்கக் கற்றுக்கொடுத்தேன். நிறுத்தும் உரிமை உனக்கு இல்லை என்பதை மட்டும் நான் யோசிக்கவே இல்லை. அதை நீ போனில் சொன்னபோதும் எனக்கு ஏறவில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் குப்பம்மாவும் மற்றப் பெண்களும் அளத்து முதலாளியைப் பார்க்கப் போனார்கள். உன் மகள் சங்கீதா என்னையும் கூப்பிட்டாள். "நீங்க வாங்க டீச்சர். அம்மாவக் கொன்னது இந்த வெயில்தான்னு நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

உன் நோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். முதலாளி கெட்ட மனிதர் இல்லை. நாற்காலி போடச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "வெயில்ல எல்லாரும்தான் வேலை செய்யறாங்க. அந்தம்மாவுக்கு முன்னாடியே பிரஷர் இருந்துச்சி. நீங்க படிச்சவங்க. உலகம் சூடானதுனாலதான் இது நடந்துச்சின்னு உறுதியா சொல்ல முடியுங்களா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சங்கீதாவின் கண் என் வாயிலேயே இருந்தது. ஆனால் எனக்கு அந்த மழைநாளில் நீ முறைத்தது நினைவுக்கு வந்தது.

"அந்த ஒரு நாள மட்டும் வெச்சி அப்படி உறுதியா சொல்ல முடியாதுங்க" என்றேன்.

சங்கீதா தலையைத் திருப்பிக்கொண்டாள். எழுந்து வெளியே போய்விட்டாள். ஆனாலும் நான் நிறுத்தவில்லை.

"ஆனா ரெண்டு விஷயம் உறுதியா சொல்ல முடியுங்க. அந்த மாதிரி புழுக்கத்துல சுமை தூக்கினா உள்ள இருக்கிற சூடு வெளிய போவாது, யாரா இருந்தாலும் ஆபத்து. பிரஷர் இருக்கிறவங்களுக்கு இன்னும் சீக்கிரம். அன்னிக்கி அளவு அவளே எழுதி வெச்சிருக்கா, பாருங்க. இன்னொண்ணு, கரியமில வாயு இப்படியே கூடிட்டுப் போனா அந்த மாதிரி நாள் இன்னும் நிறைய வரும். அதுல சந்தேகமே இல்லீங்க. வர்ற நாள நம்மால நிறுத்த முடியாது. அன்னிக்கி வேலைய நிறுத்த முடியும்."

அவர் உன் நோட்டை வாங்கிப் புரட்டினார். அப்போது குப்பம்மாதான் பேசினாள். அவள் இத்தனை நாளும் முதலாளி முன்னால் வாயைத் திறந்ததில்லை.

"ஏம்பா, அன்னிக்கி உப்பே பூக்கலையே. அந்தப் புழுக்கத்துல உனக்கும் லாபம் இல்ல, எங்களுக்கும் இல்ல. அள்ளி வெச்ச குவியல்தானே? லாரி மறுநாள் வந்தா அது கரைஞ்சா போயிடும்?"

யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். சிரித்த வாயோடேயே அழ ஆரம்பித்தாள். முதலாளி நோட்டை மூடி, இரண்டு கையாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "சரிம்மா. நிழலுக்குக் கொட்டாய் போட்டுடலாம். அந்தத் துணிக் கணக்குப்படி வேலைய நிறுத்திக்குங்க" என்றார்.

ஜூலையில் கீற்றுக்கொட்டகை வந்தது. மண்பானையில் தண்ணீர், உப்புக்கரைசல் பாக்கெட். மழை பிடிப்பதற்குள் நாலைந்து நாள் வேலையைப் பாதியில் நிறுத்தினார்கள். ஒருநாள் லாரிக்காரர் கத்தியிருக்கிறார். குப்பம்மா அவரையே இறங்கிவந்து கூடை தூக்கச் சொல்லியிருக்கிறாள். இது ஒரு அளத்தில் மட்டும்தான். பக்கத்து அளங்களில் இன்னும் பழையபடிதான். நிறுத்திய நாளுக்குக் கூலி உண்டா என்ற பேச்சும் முடியவில்லை. பெரிதாக ஜெயித்துவிட்டோம் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

சங்கீதா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. திண்டிவனத்தில் அவள் வேலை செய்யும் மருந்துக்கடைக்குப் போனேன். மாத்திரை கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள், என்னை மட்டும் பார்க்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன். அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அம்மாவை இழந்தவளிடம் போய், உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஒருத்தி சொன்னால்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளே வீட்டுக்கு வந்தாள். கையில் பை. உட்காரவில்லை.

"அம்மா ஒரு தடவ எங்கிட்ட சொல்லிச்சி, பிலோ பொய் சொல்லாதுடி, அதுக்குத் தெரியலன்னா ஓடிப்போயிடும்னு. அன்னிக்கி நீங்க ஓடிப்போவல."

பிறகு நின்றபடியே கேட்டாள். "அப்ப இது நிக்கவே நிக்காதா? கரியமில வாயு உடறத நிறுத்திட்டா சரியாயிடுமா?"

உன் மகளேதான். விட்ட வாயுவில் ஒரு பெரிய பங்கு நூற்றாண்டுக் கணக்கில் காற்றிலேயே தங்கும், அதனால் வெப்பம் உடனே இறங்காது என்றேன். ஆனால் சேர்ப்பதை முழுக்க நிறுத்தினால், மேலும் ஏறுவது ஏறக்குறைய நின்றுபோகும். எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவுக்கு நல்லது, ஒவ்வொரு துளியும் கணக்கில் வரும் என்றேன். அவள் உட்கார்ந்தாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். தோசை வார்த்துக் கொடுத்தேன். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வர்றேன் பெரியம்மா" என்றாள். டீச்சர் என்று சொல்லவில்லை. கேட் மூடும் வரைக்கும் நான் அழாமல் நின்றேன்.

இப்போது ஞாயிறுதோறும் வருகிறாள். பக்கத்து அளத்துப் பெண்கள் சிலரையும் அழைத்து வருகிறாள். கூடம் கொள்ளவில்லை. அவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்று தேதி வாங்கிக்கொள்கிறேன். நீ இருந்தால் அந்தக் கூட்டத்தில் எங்கே உட்கார்ந்திருப்பாய்? வாசல்படியில்தான், காற்று வருகிற பக்கமாக.

வருகிற மே மாதம் நான் ஓய்வு பெறுகிறேன். சென்னைக்கே வந்துவிடு என்று மகன் கூப்பிடுகிறான். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஜனவரியில் தண்ணீர் வடிந்து, பாத்தியை மிதித்து இறுக்கத் தொடங்கும்போது ஒவ்வொரு அளமாகப் போவேன். முதலாளிகளிடம் பேசுவேன், கேட்காவிட்டால் திங்கட்கிழமை மனு நாளில் இந்தப் பெண்களோடு கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நிற்பேன். தெரிந்ததற்கு மேல் ஒரு சொல் சொல்ல மாட்டேன். தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளவும் மாட்டேன். காற்று நின்றுபோகிற நாளில், யார் தலையிலாவது கூடை இருந்தால், அதை என் கையால் இறக்கி வைத்த பிறகுதான் வீட்டுக்குப் போவேன். இது சத்தியம், அஞ்சலை.

உன்னைவிட மூன்று மாதம் மூத்தவள்,
உன் மகளுக்குப் பெரியம்மா,
பிலோ